சேர்வர் அறைக்குள் யார் இருக்கிறார்கள்? உயர்தரம் முடித்த பிள்ளைகளும் ஐடி துறையின் கவனிக்கப்படாத பக்கமும்

2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை மீது ரென்சம்வெயார் தாக்குதல் ஒன்று நடந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான மூன்று மாதங்களுக்கும் மேற்பட்ட கடிதப் போக்குவரத்து அழிந்து போனது. அது திரும்பக் கிடைக்கவே இல்லை.

அப்போது எல்லோரும் பேசியது ஹேக்கர்களைப் பற்றித்தான். எந்த நாட்டுக்காரன், எவ்வளவு கேட்டான் என்று ஊகங்கள் ஓடின. ஆனால் பின்னர் அதிகாரிகளே சொன்ன காரணங்கள் மிகச் சாதாரணமானவை. மின்னஞ்சலை இயக்கிக் கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற பழைய பதிப்பு. அதற்கான மைக்ரோசொப்டின் ஆதரவு அந்த வருடம் ஏப்ரலிலேயே முடிந்து விட்டிருந்தது. புதிய பதிப்புக்கு மாற 2021 முதலே திட்டம் இருந்தும் நிதியில்லாமல் இழுபட்டது. அழிந்து போன அந்த மாதங்களுக்கு, வலையமைப்பிலிருந்து பிரித்து வைக்கப்பட்ட பேக்கப் எதுவும் இருக்கவில்லை.

ஒரு நாட்டின் அமைச்சரவை அலுவலகக் கடிதங்கள் தொலைந்ததற்குப் பின்னால் இருந்தது ஏதோ விண்வெளி விஞ்ஞானம் அல்ல. காலையில் வந்து "நேற்றைய பேக்கப் ஒழுங்காக ஓடியதா, அது திரும்ப எடுக்கக் கூடியதா, இன்னொரு பிரதி வேறோர் இடத்தில் இருக்கிறதா" என்று பார்க்கும் வேலைதான் அங்கு விடுபட்டிருந்தது. அந்த வேலைக்கு ஒரு பெயர் இருக்கிறது. சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர், முறைமை நிர்வாகி. எமது ஊர்களில் உயர்தரம் முடித்த நூறு பிள்ளைகளிடம் எதிர்கால இலட்சியம் என்னவென்று கேட்டால், இந்தப் பெயரைச் சொல்லும் ஒரு பிள்ளையைக் காண்பது கஷ்டம். இதைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

எமது வீடுகளில் ஐடி என்றால் என்ன? டொக்டர், என்ஜினியர், அதற்கடுத்து கணக்கியல் பரீட்சைகள் என்று பட்டியல் போகிறது. அதெல்லாம் சரிவராவிட்டால் "ஏதாவது ஒரு கொம்பியூட்டர் கோர்ஸ்". அந்த 'ஏதாவது' என்ற சொல்லில்தான் இலட்சக் கணக்கான ரூபாய் செலவாகிறது. கொஞ்சம் விவரம் தெரிந்த பெற்றோர், ஐடி என்றால் சொப்ட்வெயார் எழுதுவது என்று விளங்கி வைத்திருக்கிறார்கள். மொரட்டுவைப் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக நடத்தும் பயிற்சிகளும்கூட மென்பொருள் உருவாக்கத்தையே மையமாகக் கொண்டவை. அவை நல்ல பயிற்சிகள்தான், எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கோட் எழுதுவதில் மனம் ஒட்டாத பிள்ளை தனக்கு ஐடி வராது என்று முடிவு செய்து, துறையையே விட்டு வெளியேறி விடுகிறது. கழற்றிப் பூட்டுவதிலும், பழுதின் காரணத்தைத் தேடிப் பிடிப்பதிலும், ஆட்களோடு பொறுமையாகப் பேசுவதிலும் கெட்டிக்காரனான பிள்ளை அது. அவனுக்கென்றே இருக்கும் பக்கத்தை யாரும் அவனுக்குக் காட்டவில்லை.

அந்தப் பக்கம் எப்படி இருக்கிறது? ஒரு வங்கியையோ தனியார் ஆஸ்பத்திரியையோ ஆடைத் தொழிற்சாலையையோ எடுத்துக் கொள்ளுங்கள். கீழ்ப்படியில் ஹெல்ப் டெஸ்க். பிரின்டர் ஓடவில்லை, பாஸ்வேர்ட் மறந்து விட்டது, மெயில் போகவில்லை என்று வரும் அழைப்புகளைப் பதிந்து தீர்ப்பவர்கள். இலங்கையில் இவர்களுக்கு 'ஐடி எக்ஸிகியூட்டிவ்', 'ஐடி சப்போர்ட் ஒபிசர்' என்ற பெயர்களில் விளம்பரம் வரும். அடுத்தது நெட்வேர்க். ரவுட்டர், சுவிட்ச், ஃபயர்வோல், கிளைகளுக்கிடையிலான தொடர்பு எல்லாம் அவர்கள் கையில். அதற்கும் மேலே சேர்வர்களைப் பார்க்கும் நிர்வாகி: யாருக்கு எந்தக் கோப்பைத் திறக்கும் உரிமை, எப்போது அப்டேட், எங்கே பேக்கப் என்பதையெல்லாம் தீர்மானிப்பவர். இன்று அந்தச் சேர்வர்களில் பாதி அமேசனிலோ மைக்ரோசொப்டின் அஷூரிலோ வாடகைக்கு இருக்கின்றன. அதனால் கிளவுட் நிர்வாகம் என்று ஒரு கிளை. நிறுவனத்தின் வலையமைப்பை இரவு பகலாகக் கண்காணித்து, சந்தேகமான அசைவைக் கண்டால் மணியடிக்கும் பாதுகாப்புக் கண்காணிப்பு நிலையங்கள் இன்னொரு கிளை. இவற்றில் எதற்கும் ஹெல்ப் டெஸ்க்கில் இரண்டு வருடம் இருந்த அனுபவம் வீண் போவதில்லை.

இந்தத் தொழில் எவ்வளவு தேவையானது என்பதை உலகம் 2024 ஜூலை 19 வெள்ளிக்கிழமை பார்த்தது. க்ரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட் ஒன்றினால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. விமான நிலையங்கள், வங்கிகள், ஆஸ்பத்திரிகள் முடங்கின. பிழையை நிறுவனம் சில மணித்தியாலங்களில் கண்டுபிடித்து விட்டது. ஆனால் விழுந்த கணினிகளில் மிகப் பல தாமாக எழும்பவில்லை. ஒரு மனிதன் கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்து, சேஃப் மோடில் திறந்து, அந்த ஒரு கோப்பை அழித்து, மறுபடியும் இயக்க வேண்டியிருந்தது. ஆயிரம் கணினி இருந்த இடத்தில் ஆயிரம் முறை. அன்று உலகத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் சிலிக்கன் பள்ளத்தாக்கின் மேதைகள் அல்லர். யூஎஸ்பியைக் கையில் வைத்துக் கொண்டு மேசை மேசையாக நடந்த ஐடி சப்போர்ட் பொடியன்கள்தாம்.

இலங்கைக்கு வருவோம். 2025 பெப்ரவரியில் அரச கொடுப்பனவுகளை இணையத்தில் செலுத்தும் 'கவ்பே' தொடங்கப்பட்டது. டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் இந்தியாவின் நிதியுதவியோடு நகர்கிறது. டிஜிட்டல் பொருளாதாரத்துக்கென்று தனி அமைச்சே வந்து விட்டது. பிரதேச செயலகமும் மாநகர சபையும் காசோலைப் புத்தகத்திலிருந்து திரைக்கு மாறும்போது, அந்தத் திரை நின்றால் ஓடி வர ஆள் வேண்டும். மறுபக்கத்தில் விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்தி விட்டது. எமது பாடசாலைக் கூடங்களிலும் கடைகளிலும் ஓடும் பழைய கணினிகளில் கணிசமானவை விண்டோஸ் 11க்கு மாறும் வசதி இல்லாதவை. அவற்றை யார் மாற்றுவது, எதற்கு மாற்றுவது என்ற கேள்விக்கு அநேக இடங்களில் பதில் இல்லை.

புறக்கோட்டையை நினைத்துப் பாருங்கள். மொத்த வியாபாரம் செய்யும் எமது முதலாளிமாரின் கடன் கணக்கு, கையிருப்பு, வாடிக்கையாளர் விபரம் எல்லாம் ஒரே ஒரு கணினியில், களவாக ஏற்றிய விண்டோஸில், 'ஒன்று இரண்டு மூன்று நான்கு' என்ற பாஸ்வேர்டில் கிடக்கின்றன. சீசீடிவி கமெராவுக்கு நிறுவனம் கொடுத்த ஆரம்பக் கடவுச்சொல் இன்னும் மாறவில்லை. கணினி போனால், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாவுக்குத் தூக்கிக் கொண்டு ஓடுவதுதான் திட்டம். பத்துக் கோடி ரூபாய் சரக்குக்குக் காப்புறுதி எடுக்கும் முதலாளிக்கு, அந்தச் சரக்கை யார் கடனாக எடுத்தார்கள் என்ற பட்டியலுக்குப் பிரதி எடுக்கத் தோன்றுவதில்லை. மூன்று பிரதி, இரண்டு வகையான சாதனம், ஒன்று கடைக்கு வெளியே. இவ்வளவுதான் பேக்கப்பின் அடிப்படை விதி. ஒரு தெருவில் பத்துக் கடைகள் சேர்ந்து, மாதாந்தம் ஆளுக்கொரு தொகை கொடுத்து, பயிற்சி பெற்ற ஓர் இளைஞனை வைத்துக் கொண்டால் அந்தப் பத்துக் கடைகளும் நிம்மதியாகத் தூங்கலாம், அந்தப் பிள்ளைக்கும் ஒரு தொழில். கல்முனை பஸாரிலும், அக்குறணையிலும், காத்தான்குடி பிரதான வீதியிலும் இதையே செய்யலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நடைமுறை தள்ளிப் போயிருக்கிறதே தவிர, சட்டம் இல்லாமல் போய் விடவில்லை. அது முழுதாக வரும் நாளில், வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் பிரதிகளை மேசை லாச்சியில் வைத்திருக்கும் கடைக்காரருக்கும் பதில் சொல்லும் பொறுப்பு வரும்.

சரி, எப்படி உள்ளே போவது? இங்கேதான் குடும்பங்கள் அதிகம் ஏமாறுகின்றன.

அரச வழிகளை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அவற்றுக்கு விளம்பரம் குறைவு. தொழிற்பயிற்சி அதிகார சபையும் நைட்டா என்று அழைக்கப்படும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையும் கணினி வன்பொருள், தகவல் தொழில்நுட்பம் சார்ந்த பயிற்சிகளைத் தேசிய தொழில் தகைமை எனப்படும் என்.வி.கியூ. மட்டங்களில் நடத்துகின்றன. மட்டம் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். சாதாரண தரத்தோடு நின்ற பிள்ளையும் இந்த ஏணியில் ஏறலாம். ஊரில் ஏழெட்டு வருடமாகக் கணினி திருத்தும் கடை வைத்திருந்து, கையில் ஒரு சான்றிதழும் இல்லாத நானாமார் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு 'முன் கற்றலை அங்கீகரித்தல்' என்ற முறை இருக்கிறது. வகுப்புக்குப் போகாமல், செய்த வேலையைக் காட்டி, மதிப்பீட்டுக்கு முகங்கொடுத்து என்.வி.கியூ. பெறலாம். இந்த ஒன்றை மட்டும் அறியாமல் கட்டாருக்கும் சவூதிக்கும் 'லேபர்' விசாவில் போனவர்களை எண்ணிப் பார்த்தால் வயிறு எரியும்.

உயர்தரம் முடித்தவர்களுக்கு இலங்கை உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தின் தகவல் தொழில்நுட்ப உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பி.ஐ.டி. வெளிவாரிப் பட்டம் 2000ஆம் ஆண்டிலிருந்து நடக்கிறது. வீட்டிலிருந்து படித்துப் பரீட்சை எழுதலாம். இடையில் நின்றாலும் டிப்ளோமா, உயர் டிப்ளோமா என்று கையில் ஏதாவது மிஞ்சும். ஆங்கில மொழி மூலம் என்பதால் எமது பிள்ளைகள் முதல் வருடத்திலேயே தடுமாறி விட்டு விடுகிறார்கள் என்பதும் உண்மை. பல்கலைக்கழகத்துக்குத் தொழில்நுட்பப் பிரிவில் போகக்கூடிய வாய்ப்பு 2013இல் அந்தப் பிரிவு உயர்தரத்தில் வந்த பிறகு திறந்தது. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் தொழில்நுட்ப பீடம் உண்டு.

அடுத்தது சர்வதேசச் சான்றிதழ்கள். வேலை கொடுப்பவர்கள் தேடும் பெயர்கள் சில இருக்கின்றன: ஆரம்பத்துக்கு கொம்ப்டியாவின் ஏ பிளஸ், நெட்வேர்க்குக்கு சிஸ்கோவின் சீசீஎன்ஏ, லினக்ஸுக்கு ரெட் ஹட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ, மைக்ரோசொப்ட் அஷூர் நிர்வாகிக்கான ஏஸெட் 104. இவற்றில் ரெட் ஹட் பரீட்சையை நான் உயர்வாக மதிப்பேன். அதில் சரியான விடையைத் தெரிவு செய்யும் கேள்விகளே இல்லை. ஒரு கணினியைத் தந்து "இதைச் செய்து காட்டு" என்பார்கள். மனப்பாடம் அங்கே எடுபடாது. சீசீஎன்ஏ பரீட்சைக் கட்டணம் 300 டொலர், இன்றைய பெறுமதியில் 90,000 ரூபாய்க்கு மேல். தோற்றால் மறுபடியும் அதே தொகை. அந்தச் சான்றிதழ் மூன்று வருடங்களுக்குத்தான் செல்லுபடியாகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிரச்சினை எங்கே வருகிறதென்றால், சில தனியார் நிறுவனங்கள் 'சீசீஎன்ஏ பாடநெறி' என்று இலட்சக் கணக்கில் வாங்கிக் கொண்டு, முடிவில் தமது சொந்தச் சான்றிதழ் ஒன்றை அட்டையில் அச்சடித்துக் கொடுத்து விடுகின்றன. பிள்ளை சிஸ்கோவின் பரீட்சைக்கே தோற்றவில்லை என்பது நேர்முகத் தேர்வில்தான் பெற்றோருக்குத் தெரிய வருகிறது. பணம் கட்டுவதற்கு முன் மூன்று விடயங்களை எழுத்தில் கேளுங்கள். பரீட்சைக் கட்டணம் இதற்குள் அடங்குமா? சான்றிதழை வழங்குவது யார்? பாடநெறி மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா? பதில் சொல்லத் தடுமாறும் இடத்திலிருந்து எழும்பி வந்து விடுங்கள், மண்டபத்தில் நடக்கும் பட்டமளிப்பு விழாவின் புகைப்படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

உண்மையில் படிப்பதற்குப் பெரிய செலவே இல்லை. சிஸ்கோவின் நெட்வேர்க்கிங் அகடமியில் ஒரு கணக்குத் திறந்தால் பெக்கட் டிரேஸர் இலவசம். ரவுட்டரும் சுவிட்ச்சும் வாங்காமலே திரையில் ஒரு வங்கியின் வலையமைப்பைக் கட்டிப் பழகலாம். விண்டோஸ் சேர்வரை 180 நாட்களுக்கு இலவசமாகப் பரீட்சித்துப் பார்க்க மைக்ரோசொப்டே தருகிறது. ரெட் ஹட்டை ஒத்த ரொக்கி லினக்ஸ், அல்மா லினக்ஸ் என்பவற்றுக்குக் காசு கிடையாது. கொஞ்சம் ரம் கூடிய ஒரு பழைய கணினியில் வேர்ச்சுவல் பொக்ஸை ஏற்றினால் வீட்டுக்குள்ளேயே நான்கு சேர்வர் வைத்திருக்கலாம். நேர்முகத் தேர்வில் "வீட்டில் என்ன செட்அப் வைத்திருக்கிறாய்?" என்று கேட்கும் மேலாளர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு பிள்ளை பத்து நிமிடம் பேசினால் அதன் பிறகு சான்றிதழைப் புரட்டிப் பார்ப்பது ஒரு சம்பிரதாயம்.

மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் இது எமக்குச் சாதகமான இடம். கொழும்பில் ஒரு ஹெல்ப் டெஸ்க்கில் அமர்பவனுக்கு, மாத்தறைக் கிளையிலிருந்து சிங்களத்திலும் மட்டக்களப்புக் கிளையிலிருந்து தமிழிலும் தலைமையகத்திலிருந்து ஆங்கிலத்திலும் அழைப்பு வரும். மாவனல்லையிலும் பேருவளையிலும் அக்குறணையிலும் வளரும் பிள்ளைக்கு முதல் இரண்டும் தெருவிலேயே வந்து விடுகின்றன. இதை ஒரு தகைமையாக எமது பிள்ளைகள் தமது விண்ணப்பத்தில் எழுதுவதே இல்லை. கிழக்கிலும் புத்தளத்தின் உட்பகுதிகளிலும் நிலைமை வேறு. அங்கே சிங்களம் பலவீனம், ஆங்கிலம் அதைவிடப் பலவீனம். கணினி வகுப்புக்குச் செலவிடும் பணத்தில் பாதியை ஆங்கிலத்துக்குத் திருப்பினால் தவறில்லை என்பது என் கருத்து. ஒரு பிழைச் செய்தியை வாசித்து விளங்கி, வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு நான்கு வரி மின்னஞ்சல் எழுதத் தெரியாதவனுக்கு இந்தத் துறையில் இரண்டாம் படி கிடையாது.

இனி வளைகுடா. எமது சமூகத்தில் எந்தத் தொழில் பற்றிப் பேசினாலும் கேள்வி அங்கேதான் போய் நிற்கிறது. 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் தொழிலுக்காக வெளியேறினார்கள், அதன் பிறகும் அந்த அளவு பெரிதாகக் குறையவில்லை. ரியாத்திலும் துபாயிலும் தோஹாவிலும் சேர்வர் பார்க்க ஆள் தேவை என்பது உண்மை. ஆனால் எங்கள் வாப்பாமார் போன காலத்து வளைகுடா அல்ல இது. சவூதி 2021இல் தொடர்பாடல், தகவல் தொழில்நுட்பத் தொழில்களில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள நிறுவனங்களில் 25 வீதம் சவூதியர்களுக்கு என்று விதித்தது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள் திறன்சார் பதவிகளில் தம் நாட்டவரின் பங்கை வருடத்துக்கு 2 வீதம் கூட்ட வேண்டும். அதாவது மேசையில் இருந்து பாஸ்வேர்ட் மாற்றும் ஆரம்ப வேலைகள் அந்நாட்டுப் பிள்ளைகளுக்குப் போகின்றன. வெளியிலிருந்து எடுப்பது ஐந்து வருட அனுபவமும் சான்றிதழும் உள்ளவரை. ஆகவே இங்கே இரண்டு மூன்று வருடம் குறைந்த சம்பளத்தில் பழகாமல், பாஸ்போர்ட்டை மட்டும் வைத்துக் கொண்டு போகும் பிள்ளை கடைசியில் போய் நிற்பது ஏதோ ஒரு சுப்பர் மார்க்கெட்டின் காசாளர் மேசையில்.

விசாவில் எழுதப்படும் தொழிற்பெயரையும் அலட்சியமாக விட வேண்டாம். "பெயர் எதுவாக இருந்தால் என்ன, வேலை ஐடிதானே" என்று முகவர் சொல்வார். அங்கே வேறு நிறுவனத்துக்கு மாறும்போதும், குடும்பத்தை அழைக்கும்போதும், அனுபவக் கடிதம் கேட்கும்போதும் அந்தப் பெயர் வந்து குறுக்கே நிற்கும்.

இன்னும் பயங்கரமானது ஒன்று இருக்கிறது. 'கொம்பியூட்டர் ஒபரேட்டர்', 'டேட்டா என்ட்ரி', 'ஐடி கஸ்டமர் சப்போர்ட்' என்ற பெயர்களில்தான் எமது நாட்டு இளைஞர்கள் மியன்மாரின் மியாவடிப் பகுதியிலுள்ள இணைய மோசடி முகாம்களுக்குள் இழுக்கப்பட்டார்கள். துபாயில் வேலை தேடிக் கொண்டிருந்தவர்களும் அதில் இருந்தார்கள். தாய்லாந்தில் நல்ல சம்பளம் என்று சொல்லி சுற்றுலா விசாவில் அழைத்துப் போய், எல்லையைக் கடத்தி, கடவுச்சீட்டைப் பறித்து, இணையத்தில் காதல் நாடகமாடிப் பணம் பறிக்கும் வேலையில் அடைத்தார்கள். மறுத்தவர்களுக்கு அடி, விடுவிக்க வீட்டாரிடம் கப்பம். 2024இல் ஐம்பதுக்கும் மேற்பட்ட இலங்கையர் அங்கே சிக்கியிருந்ததாகச் செய்திகள் வந்தன. பலர் கட்டங்கட்டமாக மீட்கப்பட்டார்கள். 2025 தொடக்கத்தில் தாய்லாந்து அப்பகுதிகளுக்கான மின்சாரத்தைத் துண்டித்த பிறகு ஆயிரக் கணக்கான பல நாட்டவர் வெளியே வந்தார்கள். முகாம்கள் இடம் மாறியிருக்கின்றனவே தவிர ஒழிந்து விடவில்லை. ஐடி வேலைக்கு நேர்முகத் தேர்வில் ஒரு தொழில்நுட்பக் கேள்விகூடக் கேட்காமல், தட்டச்சு வேகத்தை மட்டும் பார்த்து, ஆயிரக் கணக்கான டொலர் சம்பளமும் விமானச் சீட்டும் தருகிறார்கள் என்றால் அங்கே போகக் கூடாது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு ஓர் அழைப்பெடுத்து, முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா, அந்த வேலைக்கு அனுமதி பெறப்பட்டிருக்கிறதா என்று கேட்க ஐந்து நிமிடம் போதும்.

"செயற்கை நுண்ணறிவு வந்து எல்லா வேலையையும் எடுத்துக் கொள்ளப் போகிறது, இப்போது போய் ஹெல்ப் டெஸ்க் படிக்கச் சொல்கிறீர்களே" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. பாஸ்வேர்ட் மாற்றுவது, வந்த முறைப்பாட்டை வகைப்படுத்துவது, வழமையான பதிலைச் சொல்வது போன்ற முதல்படி வேலைகளை இயந்திரம் ஏற்கெனவே செய்யத் தொடங்கி விட்டது. முன்பு ஐந்து பேர் இருந்த மேசையில் இனி இரண்டு பேர் இருப்பார்கள். எமது பிள்ளைகள் நுழையும் வாசலே ஒடுங்குகிறது என்பதை மறைத்து அவர்களை உற்சாகப்படுத்துவது நேர்மையில்லை. ஆனால் கேபிளை எலி கடித்ததை எந்தச் செயற்கை நுண்ணறிவும் வந்து பார்க்காது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி அடித்தபோது மின்சாரமும் தொடர்பாடலும் அறுந்த ஊர்களில், இணைப்பை மீட்டவர்கள் ஜெனரேட்டரோடும் ஃபைபரோடும் களத்தில் நின்ற தொழில்நுட்பவியலாளர்கள். ஆகவே உள்ளே வருபவன் முன்னைவிடக் கொஞ்சம் அதிகம் தெரிந்து வர வேண்டும். பவர் ஷெல்லிலோ பாஷிலோ சின்னச் சின்ன நிரல் எழுதி, நூறு கணினியில் ஒரே வேலையை ஒரே கட்டளையில் முடிக்கத் தெரிந்தவன் நிலைப்பான். கோட் எழுதப் பிடிக்காது என்று இந்தப் பக்கம் வருபவனும் அந்த அளவுக்காவது எழுதத்தான் வேண்டும்.

பெண் பிள்ளைகள் விடயத்தில் வீட்டுக்கு வீடு நிலைப்பாடு வேறு. நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கலாம்: கிளவுட் சேர்வரை நிர்வகிப்பவர் எந்த ஊரில் இருந்து நிர்வகிக்கிறார் என்பது சேர்வருக்குத் தெரியாது. சாய்ந்தமருதிலோ கிண்ணியாவிலோ வீட்டில் இருந்தபடி வெளிநாட்டு நிறுவனமொன்றின் முறைமையைப் பார்த்துக் கொள்வது இன்று நடைமுறையில் உள்ள தொழில். உயர்தரத்தில் எமது பெண் பிள்ளைகள் ஆண் பிள்ளைகளைவிட நன்றாகச் செய்து விட்டு வீட்டில் முடங்குவதைப் பார்க்கும்போது, இந்த வழியைப் பற்றி வாப்பா உம்மாவோடு பேச யாராவது முன்வர வேண்டாமா? இரவு நேர ஷிஃப்ட் இருக்குமா, அமெரிக்க நேரமா ஐரோப்பிய நேரமா என்பதை ஒப்பந்தத்தில் பார்த்து விட்டுத் தீர்மானிக்கலாம். அப்படி வெளிநாட்டுப் பணமாக உழைப்பவர்கள் 2025 ஏப்ரல் முதல் வரி விலக்கு நீங்கி, உச்ச வீதம் 15 ஆக வரி வந்திருப்பதையும், மாதம் 150,000 ரூபாய் வரை வருமான வரி இல்லை என்பதையும் அறிந்து கணக்கு வைத்துக் கொள்ள வேண்டும்.

சம்பளம் பற்றிக் கேட்பீர்கள். ஆரம்பம் பெரிதல்ல. கொழும்பில் அறை வாடகையும் சாப்பாடும் போனால் பயிலுனர் கொடுப்பனவில் மிஞ்சுவது சொற்பம். கிழக்கிலிருந்து வரும் பிள்ளை முதல் ஆறு மாதத்துக்கு வீட்டிலிருந்து பணம் கேட்கத்தான் போகிறது. இந்த ஆறு மாதத்தைத் தாங்க முடியாமல் திரும்பிப் போனவர்கள் அதிகம். எமது ஊர்களின் ஸக்காத் நிதியங்களும் கல்வி நிதியங்களும் பல்கலைக்கழக மாணவருக்குப் புலமைப்பரிசில் கொடுக்கின்றன, நல்லது. அதே வரிசையில், உறுதிப்படுத்தப்பட்ட பயிலுனர் கடிதத்தோடு வரும் பிள்ளைக்கு ஆறு மாத அறை வாடகையையும், ஒரு பரீட்சைக் கட்டணத்தையும் சேர்ப்பது பற்றி நிர்வாகங்கள் யோசிக்கலாம். பரீட்சைக் கட்டணத்தைப் பிள்ளையின் கையில் கொடுக்காமல் நேரடியாகப் பரீட்சை நிலையத்துக்குச் செலுத்தி விட்டால் சந்தேகத்துக்கும் இடமில்லை.

பழைய மாணவர் சங்கங்கள் செய்யக் கூடியது இன்னும் இலகு. விண்டோஸ் 10 முடிந்ததால் பாடசாலைக் கூடத்தில் ஓரங்கட்டப்பட்டிருக்கும் கணினிகளில் பத்தைத் தெரிவு செய்யலாம். அவற்றில் லினக்ஸை ஏற்றி, ஒரு பழைய சுவிட்ச்சை இடையில் போட்டு, சனி ஞாயிறுகளில் உயர்தரம் எழுதி முடித்த பிள்ளைகளுக்குத் திறந்து விடலாம். ஊருக்கு விடுமுறையில் வரும் ஐடி துறை நானாமார், தாத்தாமார் மாதம் ஒருவராக வந்து இரண்டு மணித்தியாலம் நின்றால் போதும். கணினிகள் பாடசாலைச் சொத்து என்பதால் அதிபரினதும் வலயக் கல்வி அலுவலகத்தினதும் அனுமதி எழுத்தில் வேண்டும். அந்தக் கடிதத்தை முதலில் எழுதிக் கொடுங்கள், பதில் வர எப்படியும் ஒரு மாதம் போகும்.